கடல்சிங்கப் படத்துக்கு யாரிடம் அனுமதி?

நெரிடா ஹாஸ்கிங் இருபது வருஷத்துக்கு மேல் டன்ஸ்டன் துறை என்கிற சின்னக் கடலோர ஊரின் ஒரே இறைச்சிக் கடையில் நின்று கறி வெட்டிக் கொடுத்தவள். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில்லை, யாரைக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியிருக்கிறார் என்பதையெல்லாம் அவரவர் கேட்கிற கறியை வைத்தே சொல்லிவிடுவாள். கடையை மூடிவிட்டார்கள். மனசுக்குள் இத்தனை ஊர் விஷயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ‘துறைச் செய்தி’ என்று இணையத்தில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தாள். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துகிறவர் எல்லாம் அவளே. பிழை திருத்தும் வேலை மட்டும் அவ்வளவாக நடக்காது.

எழுத வந்தது. படம்தான் வம்பில் மாட்டிவிட்டது. முதல் மாதத்திலேயே ‘நம் கடற்கரையில் மாலை’ என்று இணையத்தில் எங்கோ கிடைத்த சூரிய அஸ்தமனப் படம் ஒன்றை எடுத்துப் போட்டாள். ஊரே சொக்கிப்போனது. ‘இந்த அழகை விட்டுட்டு ஜனங்க எங்கெங்கேயோ போறாங்களே’ என்று தபால் அலுவலகத்துப் பெண் உருகி எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் போர்ச்சுகலில் இருந்து ஒரு ஆள் எழுதினான். ‘அம்மா, படம் நான் எடுத்தது. கடற்கரை எங்கள் ஊருடையது. ஓரமாக ஓடுவது என் நாய்.’

நெரிடாவுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. திருட்டுப் பட்டம் ஒருபக்கம். பிறந்து வளர்ந்த ஊரின் கடற்கரை எது என்று தனக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய அவமானம். படத்தை எடுத்துவிட்டு, மன்னிப்பும் எழுதிவிட்டு, நகரத்து நூலகத்தில் பதிப்புரிமை பற்றி நடந்த அரைநாள் வகுப்புக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது ஆளே மாறிவிட்டிருந்தாள். அன்றிலிருந்து எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல், எடுத்தவர் பெயரைக் கீழே போடாமல், ‘துறைச் செய்தி’யில் ஒரு படம் ஏறாது.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்று எடுத்தவர்களே அனுமதித்து வைத்திருக்கிற தளங்கள் இருக்கின்றன என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாள் அதில் ஓட்டினாள். ஆடு கத்தரிக்கும் போட்டிச் செய்திக்குக் கழுத்தில் மணி கட்டிய சுவிட்சர்லாந்து ஆடு கிடைத்தது. ஊர் கால்பந்து அணி தோற்ற செய்திக்கு உருண்டைப் பந்து கிடைத்தது. இங்கே ஆடுவது முட்டை மாதிரி நீளவாட்டுப் பந்தில், அணித்தலைவனின் அம்மா போன் செய்து, “தோத்ததுகூடப் பரவால்ல, இது என்ன கண்றாவி?” என்று கேட்டாள். சட்டத்தில் குற்றமில்லை, ஊரில் மானம் போயிற்று.

ஆகவே ஊர்க்காரர்களையே பிடித்தாள். யார் போனைத் தூக்கினாலும் பக்கத்தில் போய் நிற்பாள். “நல்லா வந்திருக்கா? எனக்கு அனுப்பு. போட்டுக்கோன்னு ஒரு வரி எழுதி அனுப்பு.” மதுக்கடையில் அவளைக் கண்டாலே கேலிதான்.

“நெரிடா, இந்தப் படத்துல என் நிழல் விழுந்திருக்கே, அதுக்கும் அனுமதி வேணுமா?”

“படத்துல இருக்கறவன்கிட்ட கேக்கறது மரியாதைக்கு. எடுத்தவன்கிட்ட கேக்கறது சட்டத்துக்கு. நீ ரெண்டுலயும் சேர்த்தி இல்ல. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற.”

இப்படி இருக்கும்போதுதான் இன்ஸ்பெக்டர் விவகாரம் வந்தது.

இன்ஸ்பெக்டர் என்பது ஒரு கடல்சிங்கம். படகு கரைக்கு வந்தால் போதும், மீன் கழுவும் மேடைக்கு முன்னால் வந்து, என்ன பிடித்தாய் காட்டு என்கிற மாதிரி கழுத்தை நீட்டும். அதனால் அந்தப் பெயர். சுற்றுலா வந்தவர்கள் மீன் குடல் போட்டு, தலை போட்டு, முழு மீனே போட்டுப் பழக்கிவிட்டார்கள். ஒருநாள் ஒரு அம்மாளின் கைப்பையை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. மேயர் க்ளைவ் பெங்கில்லி கவுன்சிலைக் கூட்டி, கடல்சிங்கத்துக்குத் தீனி போட்டால் அபராதம் என்று தீர்மானம் போட்டார். அதைச் சொல்லும் பெரிய பலகை ஒன்றும் படகு இறங்குகிற சரிவுப் பாதையின் தலைமாட்டில் நட்டார்கள்.

பலகைத் திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. ரிப்பன், பேச்சு, அப்புறம் எல்லாருக்கும் ரொட்டியில் சுருட்டிய சுட்ட சாசேஜ். மேயர் நன்றாகவே பேசினார். “ஒரு ரொட்டித் துணுக்குகூடக் கூடாது. யாரா இருந்தாலும் சரி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.” நெரிடா ரிப்பன் வெட்டுவதை எடுத்துக்கொண்டு, பெண்கள் வலைப்பந்துப் போட்டி ஆரம்பித்துவிடுமே என்று மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள். அதற்காக இன்றைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள்.

ஆட்டம் முடிவதற்குள் அவள் போனுக்கு அந்தப் படம் வந்துவிட்டது. அவளுக்கு மட்டுமா, ஊரில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும்.

படத்தில், சரிவுப் பாதையில் ஏறி வந்த இன்ஸ்பெக்டர் வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறது. எதிரே மேயர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டித் தன் சாசேஜை அதன் வாய்க்கு நேராகக் கொடுக்கிறார். கோயில் நைவேத்தியம் மாதிரி அவ்வளவு பணிவு. தலைக்கு மேலே பளபளவென்று புதுப் பலகை. ‘கடல்சிங்கத்துக்கு உணவு அளிக்காதீர்.’ ஒரு எழுத்து மறையவில்லை.

நெரிடா சிரித்துச் சிரித்து, வலைப்பந்துக் கோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது. இதை எடுத்தது யார்?

மறுநாள் காலையில் மேயரே போன் செய்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

“நெரிடா, சௌக்கியமா?”

“க்ளைவ், நீ சௌக்கியம் விசாரிச்சா ஏதோ வேலை இருக்குன்னு அர்த்தம். என்ன விஷயம்?”

“அந்தப் படத்தைப் போட மாட்டேல்ல?”

“எந்தப் படம்?”

“நடிக்காத. அதுல இருக்கறது என் மூஞ்சி. என் மூஞ்சி, என் சாசேஜ், அது என் படம்.”

“மூஞ்சி உன்னோடது. சாசேஜ் இப்ப இன்ஸ்பெக்டரோடது. படம் எடுத்தவங்களோடது.”

“சரி, எடுத்தது யாரு? சொல்லு பாப்போம்.”

நெரிடா போனை மறு காதுக்கு மாற்றினாள். மேயர் குரலில் தேன் வழிந்தது. “தெரியாதுல்ல? எடுத்தவங்க அனுமதி இல்லாம ஒரு ஈ படம்கூடப் போட மாட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவியே. உன் சட்டம்தானே தாயி.”

“தேடிப் பிடிப்பேன்.”

“பிடி. எவன் என் முன்னால வந்து நான்தான்னு சொல்றான்னு நானும் பாக்கறேன். ரிப்பன் வெட்டற படம் ஒண்ணு அலுவலகத்துலேர்ந்து அனுப்பச் சொல்றேன். அதைப் போடு, ஜோரா இருக்கும்.”

வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் ஏதோ பாட்டை முணுமுணுத்தது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

எடுத்தவர் பயந்து ஒளிந்திருப்பார் என்று மேயரும் நினைத்தார், நெரிடாவும் நினைத்தாள். நடந்தது தலைகீழ். அவள் விசாரிக்க ஆரம்பித்ததும், ஊரில் பாதிப் பேர் தாங்களே எடுத்ததாக வந்து நின்றார்கள்.

ரொட்டிக் கடை க்வெண்டாதான் முதலில். “நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கோ.”

“நீ அன்னைக்கு ஊர்லயே இல்லையேடி. மக வீட்டுக்குப் போயிருந்த.”

“அது க்ளைவுக்குத் தெரியுமா? ஆறு மாசமா என் கடை வாசல் பள்ளத்தை மூடல. என் பேரைப் பெரிசாப் போடு.”

பந்து உருட்டும் மன்றத்துக் கிழவர் ஒருவர் சத்தியம் செய்தார். அவரிடம் இருந்தது கம்பி வைத்த வீட்டுப் போன் மட்டும். அவள் எல்லாரையும் ஒரே கேள்வியில் அனுப்பிவைத்தாள். “எடுத்த போன்ல மூலப்படம் இருக்குமே, காட்டு.” ஒருவரும் காட்டவில்லை. எல்லாரிடமும் இருந்தது எவரோ அனுப்பியது.

ஒரு மத்தியானம் அவளுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. க்வெண்டா பெயரைப் போட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஊரே ரெடி. தலைப்புகூட எழுதி வைத்தாயிற்று. போர்ச்சுகல்காரனின் நாய் ஞாபகம் வந்தது. படத்தை மறுபடி திறந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஓரங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இடது ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. இடுக்கியில் சாசேஜைப் பிடித்திருக்கிற முன்கை. அதில் ஒரு மீன் பச்சை குத்தியிருந்தது. மீன் வாலுக்குக் கீழே இரண்டு எழுத்து எட்டிப் பார்த்தது. முன்னாள் மனைவி பெயரைக் குத்திக்கொண்டு, விவாகரத்துக்குப் பிறகு மேலே மீனைக் குத்தி மறைத்த கை ஊரில் ஒன்றே ஒன்றுதான். சிப்பிப் பண்ணை இவோ. விழாவில் சாசேஜ் சுட்ட அடுப்புக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றவன் அவன். எதிரே நின்றது யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

இவோ கொட்டகையில் சிப்பிகளை அளவு பிரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் நிமிரவே இல்லை.

“என் போன்ல எடுத்ததுதான். போட்டுக்கோ.”

போனை நீட்டினான். மூலப்படமே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததும் வரிசையாக இருந்தன. நெரிடாவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் விடவில்லை.

“போன் உன்னோடது. அமுக்கின விரல் யாரோடது?”

“என் விரல்தான்.”

“உன் கை படத்துக்குள்ள இருக்கு இவோ. இடுக்கியோட. மீன், வாலு, அதுக்குக் கீழ உன் பழைய சம்சாரம் எல்லாம் தெரியுது.”

இவோ தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். துரோகம் செய்த கையைப் பார்ப்பது போல. “சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“சொன்னா வாக்கு என்னத்துக்கு?”

“சரி, நீ சொல்ல வேணாம். க்ளைவுக்குத் தெரிஞ்ச ஆளா?”

இவோவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. சிப்பிக் கூடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“தெரியுமாவா? முப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்காங்க!”

மேயர் கவுன்சிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து நெரிடா அவர் வீட்டுக்குப் போனாள். வில்மா பெங்கில்லி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விழாக்களில் புருஷனுக்கு இரண்டடி பின்னால் நின்று, அவர் கோட்டையும் கைப்பெட்டியையும் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷி. நெரிடா வந்த விதத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“அந்த ஓட்டைவாய் இவோ சொல்லிட்டானா?”

“வாயால சொல்லல. சிரிச்சான்.”

“அது போதுமே ஊருக்கு.” வில்மா ஒரு சட்டையை உதறினாள். மார்பில் தக்காளிச் சாஸ் கறை மங்கலாக இருந்தது. “ஆமா, நான்தான். பலகை முன்னால எல்லாரையும் நிக்கவச்சு ஒரு குரூப் போட்டோ எடுங்கன்னு இவோ போனைக் குடுத்துட்டு அடுப்புக்குப் போனான். அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் மேல ஏறி வந்துடுச்சு. எல்லாரும் ஓடினாங்க. எனக்கு ஓடத் தோணல. அமுக்கிக்கிட்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் அனுப்பினது இவோ வேலை.”

“அது க்ளைவைக் கடிச்சிருந்தா?”

“அதுவும் நல்லா வந்திருக்கும்,” என்றாள் வில்மா. சிரிக்கவில்லை. கிளிப்பை மாட்டினாள்.

நெரிடா அனுமதி கேட்டாள். எப்போதும் போல விளக்கமாக, படம் உன்னுடையது, போன் யாருடையதானாலும் சரி, படத்தில் யார் இருந்தாலும் சரி, போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்று சொன்னாள். வில்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எடுத்தவங்களோடதுன்னு சட்டமே சொல்லுதா?”

“சொல்லுது.”

“அப்ப ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. பூசணிக்காய்ப் போட்டியில அவர் பரிசு குடுத்த படம் போட்டியே, அது யார் எடுத்தது?”

“மேயர் அலுவலகம்.”

“நூலகக் கூரைக்கு ஏணியில ஏறினது?”

“மேயர் அலுவலகம் அனுப்பினது...”

“மந்திரி வந்தப்ப?”

“அதுவும் அங்கேர்ந்துதான்.”

“அந்த அலுவலகம் எங்க சமையலறை, நெரிடா. நான் எடுப்பேன், நான் அனுப்புவேன். கீழ ‘படம்: மேயர் அலுவலகம்’னு வரும். மந்திரி வந்தன்னைக்கு மழையில ஒரு மணி நேரம் நின்னு எடுத்தேன். காய்ச்சல் வந்தது எனக்கு, அலுவலகத்துக்கு இல்ல.”

நெரிடாவுக்கு முகம் சுட்டது. ஊரில் ஒரு நாய்ப் படத்துக்குக்கூட எடுத்தவனைத் துரத்திப் பிடித்துக் கேட்டவள். மேயர் பெயரில் வந்தால் மட்டும், இதை யார் எடுத்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டாள். வில்மா அதற்குமேல் அதை இழுக்கவில்லை.

“நீயாவது கேட்டுக்கிட்டு வந்தியே. எழுதித் தர்றேன். உன் பத்திரிகைல மட்டும் போடு. வேற யார் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு. கீழ என் பேரு, முழுப் பேரு. அவரை அசிங்கமா எதுவும் எழுதாத. நல்ல மனுஷன், பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.”

“அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“கேக்கட்டும், சொல்றேன். இதுவரைக்கும் யார் எடுத்ததுன்னு ஊர்ல எல்லாரையும் கேட்டார். என்னைத் தவிர.”

மறுநாள் காலை படம் ஏறியது. ‘பலகையைத் திறந்துவைத்தார் மேயர், விருந்தில் இன்ஸ்பெக்டரும் பங்கேற்பு’ என்பது தலைப்பு. கீழே, ‘படம்: வில்மா பெங்கில்லி. எடுத்தவரின் எழுத்துபூர்வ அனுமதியுடன்.’

மேயர் தலைப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே பார்க்காமலேயே போனை எடுத்துவிட்டார்.

“நெரிடா! யாரு குடுத்தா உனக்கு அனுமதி? வக்கீலைக் கூப்பிடறேன். எவன் அவன்?”

நெரிடா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாள் ஒரே பெஞ்சுக்காரனிடம் காட்டாத மரியாதையெல்லாம் குரலில் வந்து சேர்ந்தது.

“வீட்ல கேளுங்க, மேயரய்யா.”

“என்ன, வீட்ல போய்...” பேச்சு நின்றது. படத்துக்குக் கீழே படிக்கிறார் போலிருந்தது. அப்புறம் ரொம்பத் தூரத்தில், “வில்மா?” என்று ஒரு சன்னமான குரல். அதற்குமேல் கேட்பது நாகரிகமில்லை என்று நெரிடா வைத்துவிட்டாள். உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஊருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அடுத்த கவுன்சில் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கும் முன் க்ளைவே எழுந்து, தனக்குத் தானே அபராதம் விதித்துக்கொண்டு கட்டிவிட்டார். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன். சாசேஜும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்ஸ்பெக்டர் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது,” என்றார். கூட்டம் கைதட்டியது. அவரைப் பிடிக்காதவர்கள்கூடத் தட்டினார்கள். பலகை முன்னால் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, தீனி போடவில்லை.

நெரிடாவும் வில்மாவும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்து, பழைய செய்திகளையெல்லாம் திறந்து, ‘மேயர் அலுவலகம்’ இருந்த இடத்திலெல்லாம் பெயரை மாற்றினார்கள். வில்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு படத்தில் மட்டும் நிறுத்தினாள்.

“இது நான் எடுத்ததில்ல.”

“நிச்சயமா?”

“இதுல ரொம்ப இயல்பாச் சிரிக்கிறார். யாரோ எடுத்திருக்காங்க. கண்டுபிடி.”

அந்த ஒரு படத்தை நெரிடா இறக்கிவிட்டாள். எடுத்தது யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நகரத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கடல்சிங்கப் படத்தைக் கேட்டு நெரிடாவுக்கு எழுதின. அவள் எல்லாரையும் வில்மாவிடம் அனுப்பினாள். வில்மா அவர்களை நன்றாக இழுத்தடித்து, பெயரை முழுசாகப் போடச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தாள். ஒரு பத்திரிகை எழுத்துப்பிழையோடு போட்டுவிட்டது. திருத்தும்வரை தினமும் போன் செய்தாள்.

தேர்தல் வந்தது. ஒரு சாயங்காலம் க்ளைவ் நெரிடா வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு உதவி. பிரசாரத் துண்டறிக்கையில அந்தப் படத்தைப் போடலாம்னு பாக்கறேன்.”

“எந்தப் படம்?”

“நடிக்காத நெரிடா. ஜனங்களுக்கு அது பிடிச்சிருக்கு. போற இடமெல்லாம் கைகுலுக்கறாங்க.”

“என்கிட்ட எதுக்குக் கேக்கற? எடுத்தவங்ககிட்ட கேளு.”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

க்ளைவ் தெருவைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். “எழுத்துல விண்ணப்பம் குடுன்னா. குடுத்தேன். எதுக்குன்னு விவரமா எழுதலன்னு திருப்பிக் குடுத்துட்டா. திரும்ப எழுதினேன். பரிசீலனையில இருக்காம். எனக்குத் துண்டறிக்கை அச்சுக்குப் போகணும், நெரிடா. நீ ஒரு வார்த்தை சொல்லேன்.”

“அவ படம் க்ளைவ். நான் யாரு அதுல மூக்கை நுழைக்க?”

அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வில்மாவுக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. துண்டறிக்கை, ஒவ்வொரு தேர்தலிலும் அவர் போடுகிற, கழுத்துப்பட்டை கட்டி விறைப்பாக நிற்கிற பழைய படத்தோடுதான் வெளிவந்தது. ஆனாலும் க்ளைவ் ஜெயித்துவிட்டார். வெற்றி விழாவில் வில்மா கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி மேலே ஏறி நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, புருஷனைப் பார்த்து, “கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க,” என்று கத்திக்கொண்டிருந்தாள்.